வேளைக்கு ஒரு பிடி

சுனைக்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு யானையும் ஒரு குதிரையும் சிநேகமாக இருந்தார்கள்.

யானைக்குக் காட்டில் எல்லாரும் வைத்த பெயர் பெரியக்கா. உடம்பு பெரியது. மனசு அதைவிடப் பெரியது. எதிரே யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது, "சாப்பிட்டியா?" என்றுதான். "சாப்பிட்டேன் அக்கா" என்றால் விட்டுவிடுவாளா? "என்னத்தைச் சாப்பிட்டே, மூஞ்சியே வாடிக் கிடக்கு!" என்று ஒரு கிளையை ஒடித்து வாயில் திணித்துவிடுவாள். பாவம், முயல்கள்! அவள் உபசாரத்துக்குப் பயந்தே குளத்தைச் சுற்றி வளைத்துத்தான் வீட்டுக்குப் போகும்.

குதிரையின் பெயர் செவலை. சிவந்த உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. கோடையில் குளம் வற்றினால் காடு முழுக்க ஓடி, எங்கே தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து வருவது அவன்தான். போன கோடையில் இரண்டு நாள் நிற்காமல் ஓடி, மலைக்குப் பின்னால் ஓர் ஊற்றைக் கண்டுபிடித்தான். பெரியக்காவின் குட்டி பிழைத்தது அந்தத் தண்ணீரால்தான். அன்றிலிருந்து அவளுக்குச் செவலை என்றால் உயிர்.

அப்படிப்பட்ட செவலை ஒரு நாள் காலை தண்ணீர் குடிக்க வரவில்லை. பெரியக்கா தேடிக்கொண்டு போனாள். அவன் நாவல் மரத்தடியில் கிடந்து புரண்டுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் வியர்வை. தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா ஆச்சு?"

"வயிறு, அக்கா! உள்ளே யாரோ பிடிச்சு முறுக்கற மாதிரி இருக்கு! ஐயோ!"

பெரியக்கா ஒரு பிளிறு பிளிறினாள். காடே கூடிவிட்டது. வைத்தியர் மருதாயியும் கிளைக்குக் கிளை தாவி வந்து குதித்தாள். மருதாயி ஒரு மந்தி. ஆள் குள்ளம், பெரிய கோபக்காரி, ஆனால் கைராசிக்காரி. அவள் செவலையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். இந்தப் பக்கம் கேட்டாள். அந்தப் பக்கம் கேட்டாள். முகம் மாறிவிட்டது.

"சத்தமே இல்லை. குடல் முறுக்கிக்கிட்டு நிக்குது. அறுத்துத்தான் சரி பண்ணணும். இப்பவே!"

"அறுக்கறதா!"

பெரியக்காவின் நாலு காலும் நடுங்கின. அந்த நடுக்கத்தில் நாவல் பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

மருதாயி அதையெல்லாம் கவனிக்கவில்லை. மயக்கப் பச்சிலையைக் கசக்கிச் செவலையின் மூக்கில் வைத்தாள். அவன் கண் சொருகியது. மூங்கில் சிம்பைக் கூராகச் சீவி வயிற்றைக் கீறினாள். முறுக்கிக் கிடந்த குடலைப் பக்குவமாக எடுத்து, பிரித்து, நேராக்கி, பழைய இடத்தில் வைத்தாள். முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தது. அதுதான் ஊசி. தையல்சிட்டு நாரைக் கோத்துத் தைத்தது. இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற பறவை அல்லவா? மொத்தம் பதினெட்டுத் தையல். அத்தனையும் சீராக விழுந்தன.

மயக்கம் தெளிந்து செவலை மெல்ல எழுந்து நின்றான். வயிற்றைச் சுற்றி வாழை நாரால் ஒரு கட்டு.

"நல்லாக் கேட்டுக்குங்க!" என்றாள் மருதாயி. "நான் செஞ்சது பாதி வேலைதான். மீதி, பார்த்துக்கறவங்க கையிலே இருக்கு. யார் பார்த்துக்கப் போறது?"

"நான்!" என்று பெரியக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் ஓர் அடி வந்தால் மற்றவர்கள் நாலு அடி பின்னால் போக வேண்டும்.

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் ஓட்டம் கூடாது. காலையும் சாயங்காலமும் குளத்தைச் சுற்றி மெதுவா ஒரு நடை. புண்ணிலே ஈ உட்காரக் கூடாது. தினமும் வயித்திலே காதை வச்சுக் கேளுங்க. உள்ளே கடமுடான்னு சத்தம் வரணும். சத்தம் வந்து, லத்தியும் போட்டுட்டான்னா, பிழைச்சான்னு அர்த்தம்."

மாடு போட்டால் சாணி என்போம். குதிரை போட்டால் லத்தி. இந்தக் கதையில் அதுதான் பெரிய சமாச்சாரம், சிரிக்காமல் கேளுங்கள்!

"சாப்பாடு?" என்று கேட்டாள் பெரியக்கா. அவளுக்கு அதுதானே முக்கியம்?

"வேளைக்கு ஒரு பிடி பசும்புல். மூணு வேளை. ஒரு பிடிக்கு மேலே ஒரு புல்லு உள்ளே போகக் கூடாது!"

"ஒரு பிடிதானே? ஆகட்டும் வைத்தியரம்மா!"

அடுத்த மலையில் ஒரு மானுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்து நின்றது. மருதாயி தாவிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பெரியக்கா குளக்கரைக்குப் போனாள். கொழுகொழுவென்று வளர்ந்திருந்த புல்லைத் தும்பிக்கையால் சுற்றி வளைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வேரோடு வந்ததைக் காலில் தட்டி மண்ணை உதிர்த்தாள். கொண்டுவந்து செவலையின் முன்னால் போட்டாள். புல்லுக்குப் பின்னால் செவலையே தெரியவில்லை!

கிளையில் உட்கார்ந்திருந்த தையல்சிட்டு திடுக்கிட்டது.

"பெரியக்கா! வைத்தியரம்மா ஒரு பிடின்னுதானே சொன்னாங்க?"

"இது ஒரு பிடிதானே!"

"பார்த்தா வைக்கோல்போர் மாதிரி இருக்கே!"

பெரியக்காவுக்குச் சுருக்கென்றது.

"ஏண்டி, பிடின்னா என்னன்னு எனக்கே சொல்லித் தரியா? பெண் யானைக்குப் பேரே பிடி! கைன்னா என்னன்னும் நீ சொல்ல வேண்டாம். என் மூக்குக்கே தும்பிக்கைன்னு பேரு. இந்தக் காட்டிலே கைக்கும் பிடிக்கும் என்னை விட்டா வேற யாரு?"

தையல்சிட்டு சிறகை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் தப்புப் பண்ணமாட்டார்கள் என்று யார் சொன்னது?

செவலைக்கோ கொலைப் பசி. மளமளவென்று தின்று முடித்தான். மத்தியானம் ஒரு பிடி. அதுவும் தீர்ந்தது. மூன்றாவது பிடியைச் சாயங்காலம் போட்டபோது, அவன் பாதியிலேயே தலையைத் தூக்கிவிட்டான்.

"அக்கா... வயிறு இழுக்குது."

கட்டியிருந்த நார் இறுகிக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. பெரியக்கா தன் பெரிய காதை அதில் வைத்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பட் என்று ஒரு தையல் விட்டது. உடனே இன்னொன்று.

"வைத்தியரம்மாவைக் கூப்பிடு! ஓடு! இல்லை, பற! பற!" என்று பெரியக்கா அலறினாள்.

சிட்டு பறந்தது. பொழுது சாய்வதற்குள் மருதாயி வந்து குதித்தாள். வயிற்றைப் பார்த்தாள். பெரியக்காவைப் பார்த்தாள்.

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"நீங்க சொன்னபடிதான் வைத்தியரம்மா. வேளைக்கு ஒரு பிடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"எங்கே, ஒரு பிடி பிடுங்கிக் காட்டுங்க!"

பெரியக்கா பிடுங்கிக் காட்டினாள். மருதாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா தாயே! நான் சொன்னது இந்தப் பிடி!"

அவள் தன் கையை நீட்டினாள். சின்னக் கை. விரல்களை மூடினால் ஒரு எலுமிச்சம்பழம் அளவு. பெரியக்கா அந்தக் கையையும் தன் தும்பிக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"என் பேரிலும் தப்பு இருக்கு," என்றாள் மருதாயி, கொஞ்சம் இறங்கி வந்து. "யாரோட பிடின்னு சொல்லாமப் போயிட்டேன். ஆனா நீங்களும் கேட்டிருக்கலாமே?"

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அதான் கேக்கலை!" என்று பெரியக்கா விம்மினாள்.

ஓமம் கொதித்த தண்ணீரை மருதாயி செவலைக்குப் புகட்டினாள். அவனை மெதுவாக நடத்தினார்கள். நிறுத்தினார்கள், நடத்தினார்கள். ஒரு வழியாக உப்பல் வடிந்தது. விட்டுப்போன இரண்டு தையலையும் சிட்டு மறுபடி போட்டது.

"இதோட போச்சு," என்றாள் மருதாயி. "ஆனா வயிறு இன்னும் பேசலை. இன்னொரு தடவை உப்பினா மறுபடி தைக்க அங்கே தோல் கிடையாது. பிழைக்கமாட்டான். புரியுதா?"

பெரியக்கா தலையை ஆட்டினாள். மருதாயி ஒரு விளாம்பழ ஓட்டைக் கழுவித் துடைத்து அவளிடம் கொடுத்தாள்.

"வேளைக்கு இது ஒண்ணு. வழிச்சு விட்டு, தலை தட்டி. சத்தம் வந்து லத்தி விழுந்ததும் சொல்லி அனுப்புங்க."

அன்றைக்குப் பிடித்தது பெரியக்காவுக்குச் சோதனை.

மலை மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு, ஒரு விளாம்பழ ஓட்டில் புல்லை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவாள். செவலை ஒரே வாயில் அதை முடித்துவிட்டு அவளையே பார்ப்பான்.

"அக்கா, இன்னும் கொஞ்சம்."

"கூடாது!"

"ஒரே ஒரு வாய்!"

"மாட்டேன்!"

"உனக்கு எப்போ இப்படிக் கல்மனசு ஆச்சு?"

பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு கிளையை ஒடித்து ஈ ஓட்டுவாள். ஊருக்கெல்லாம் ஊட்டியவளுக்கு, உயிரான சிநேகிதன் பசி என்று சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்ன லேசா?

அவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கண்ணெதிரே தின்னவும் அவளுக்கு மனசு வரவில்லை. யானை வயிறு சும்மா இருக்குமா? மூங்கில் புதருக்குப் பின்னால் போய், அவசர அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள்.

அதை ஒரு நாள் கரடி தேனப்பன் பார்த்துவிட்டான். வந்தது வம்பு!

தேனப்பன் நல்லவன்தான். ஆனால் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது, தேனைத் தவிர. அவன் அன்றைக்குச் செவலையைப் பார்க்க வந்திருந்தான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகலாமா? சுனைக்காட்டில் அது பெரிய மரியாதைக் குறைவு. அதனால் பலாச்சுளை கொண்டுவந்தான். காட்டெருமை கரிச்சி கொம்பில் ஒரு கட்டு இளம்புல் குத்திக்கொண்டு வந்தாள்.

பெரியக்கா வழியை மறித்து நின்றாள்.

"பாருங்க. நாலு வார்த்தை பேசுங்க. ஆனா கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

"திருப்பி எடுத்துட்டுப் போறதா!" தேனப்பனுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. "நோயாளிக்குக் கொண்டுவந்ததை யாராவது வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா? என்ன பேச்சு இது!"

"வைத்தியரம்மா உத்தரவு."

"புள்ளை எலும்பும் தோலுமா நிக்கறான்! பத்து நாள் பட்டினி போட்டா குணமாயிடுமா? உங்க வாயிலே இருந்தா இந்தப் பேச்சு வருது, பெரியக்கா?" என்று கேட்டாள் கரிச்சி.

அவர்கள் கொண்டுவந்ததை அங்கேயே கீழே வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காட்டுப்பன்றிகள் வந்து அதைத் தின்றுவிட்டுப் போயின. அதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து மூங்கில் புதருக்குப் பின்னால் பெரியக்கா எதையோ மென்றதை மட்டும் தேனப்பன் பார்த்தான்.

அவ்வளவுதான். மறுநாளே காடு முழுக்க ஒரே பேச்சு.

"நோயாளியைப் பட்டினி போட்டுட்டு, அவனுக்கு வர்றதையெல்லாம் பெரியக்கா ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்கிறாளாம்!"

"அட, நம்ம பெரியக்காவா?"

"சும்மாவா ஊருக்கெல்லாம் தீனி போட்டா? எல்லாம் வெளிவேஷம்!"

தையல்சிட்டு இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து அழுதது. பெரியக்கா ஈ ஓட்டிய கிளையைக் கீழே வைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று, யார் வயிறும் காயவிடமாட்டாள் என்கிற நல்ல பெயர். அது போய்விட்டது. ஒரே ஒரு கட்டுப் புல் செவலைக்குக் கொடுத்தால் போதும், பெயர் திரும்பி வந்துவிடும். அவள் செவலையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே இன்னும் ஒரு சத்தமும் இல்லை. விளா ஓட்டைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு புல்லாக அடுக்கினாள். தலை தட்டினாள்.

ஆனால் செவலை பொறுக்கவில்லை. பசி அவனுக்குத் தந்திரம் சொல்லிக் கொடுத்தது. பெரியக்கா மூங்கில் புதர்ப் பக்கம் போயிருந்த நேரம், அந்த வழியாகப் போன கரிச்சியைக் கூப்பிட்டான்.

"கரிச்சி! நாளைக்குக் காலையிலே அந்தக் காரைப் புதருக்குப் பின்னாலே ஒரு கட்டுப் புல் வச்சிடு. நடக்க வரும்போது நான் பார்த்துக்கறேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்!"

"உனக்கில்லாததா? தாராளமா வைக்கிறேன்!"

அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் அவளும் வைத்தாள். அன்புதான். யார் இல்லை என்றார்கள்?

மறுநாள் காலை. பெரியக்கா முன்னால் நடக்க, செவலை பின்னால் மெதுவாக வந்தான். காரைப் புதர் நெருங்கியதும் அவன் தேனாகப் பேசினான்.

"அக்கா, இன்னிக்கு இந்தப் பக்கமாப் போகலாமா? காத்து நல்லா வருது!"

"காத்துதானே? வாடா, வா."

புதரைத் தாண்டினார்கள். அங்கே தளதளவென்று ஒரு பெரிய கட்டு இளம்புல்! செவலை கழுத்தை நீட்டிவிட்டான். அவன் வாய்க்கும் புல்லுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. பெரியக்கா திரும்பிப் பார்த்தாள். யோசிக்க நேரமில்லை. தும்பிக்கையை வீசிக் கட்டை அப்படியே தூக்கினாள். எங்கே வைப்பது? கீழே போட்டால் எடுத்துவிடுவான். குளத்தில் எறிந்தால் மிதக்கும். அவளுக்குத் தெரிந்த பத்திரமான இடம் ஒன்றுதான். முழுக் கட்டையும் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"ஆகா! பிடிபட்டாச்சு!"

மரத்துக்குப் பின்னாலிருந்து தேனப்பன் வெளியே குதித்தான். கூடவே கரிச்சி. செவலை ஆசையாகத் தின்பதைப் பார்க்கலாம் என்று ஒளிந்திருந்தவர்கள் அவர்கள்.

"எல்லாரும் வாங்க! வந்து பாருங்க! நோயாளி வாயிலேருந்து பிடுங்கித் தின்கிறா!"

மான்கள் வந்தன, முயல்கள் வந்தன, முள்ளம்பன்றி வந்தது. பெரியக்காவால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வாய் நிறையப் புல்! கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி நின்றாள்.

"இப்ப என்ன சொல்றீங்க பெரியக்கா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டான் தேனப்பன்.

மென்றாள். மென்றாள். விழுங்கினாள். அதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புல் எப்படி அங்கே வந்தது, ஏன் இன்றைக்கு மட்டும் காற்று இந்தப் பக்கம் வீசியது, எல்லாம் புரிந்தது. அவள் செவலையைப் பார்த்தாள். அவன் எலும்பு தெரிய, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நிற்கவே திராணி இல்லாதவனை இத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுப்பதா?

"ஆமாம். தின்னேன்," என்றாள் பெரியக்கா. "நாளைக்கும் இங்கே யாராவது புல் வச்சா, நாளைக்கும் தின்பேன்!"

"கேட்டீங்களா! கேட்டீங்களா!" என்று தேனப்பன் துள்ளினான். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். பெரியக்கா காதை மடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"நிறுத்துங்க!"

செவலை சொன்னான். சத்தமாகச் சொல்லத்தான் நினைத்தான், குரல்தான் இல்லை.

"அந்தப் புல்லை வைக்கச் சொன்னது நான்தான். கரிச்சியைக் கேளுங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அதை நான் தின்னிருந்தா இந்நேரம் தையல் தெறிச்சுச் செத்திருப்பேன். வைத்தியரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எனக்குப் புத்தி இல்லை. என் உயிரைத்தான் அக்கா வாயிலே போட்டு வச்சுக்கிட்டாங்க!"

கூட்டம் கப்சிப் என்று ஆனது. கரிச்சி கொம்பைத் தாழ்த்திக்கொண்டாள். தேனப்பனின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது.

அந்த நிசப்தத்தில்தான் அது கேட்டது.

குடுகுடு.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

குடுகுடு... கடமுடா!

"யாரது?" என்றது ஒரு முயல்.

"வயிறு!" பெரியக்கா பாய்ந்து காதை வைத்தாள். "செவலை வயிறு! பேசுது! வயிறு பேசுதுடா!"

செவலை வாலைத் தூக்கினான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். தொப், தொப், தொப். மூன்று உருண்டை. உருண்டையாக, பசுமையாக, ஆவி பறக்க விழுந்தன.

"லத்தி!" என்று கத்தியது தையல்சிட்டு. "லத்தி போட்டுட்டான்! லத்தி! லத்தி!" காடு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே அடுத்த மலைக்குப் பறந்தது. கல்யாணச் சேதியைக்கூட யாரும் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மான்கள் துள்ளின. தேனப்பன் அந்த மூன்று உருண்டையைச் சுற்றி ஆடினான். பெரியக்கா அழுதாள், சிரித்தாள், தும்பிக்கையில் தண்ணீர் எடுத்து எல்லார் தலையிலும் பீய்ச்சினாள்.

ஆடி ஓய்ந்ததும் தேனப்பனும் கரிச்சியும் அவள் முன்னால் வந்து நின்றார்கள்.

"பெரியக்கா, வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்," என்றான் தேனப்பன். "மன்னிச்சுக்குங்க."

"பாசத்திலே வச்சேன். அது விஷமாகும்னு நினைக்கலை," என்றாள் கரிச்சி.

"நான் மட்டும் என்ன? வைக்கோல்போரையே வச்சவதானே!" என்றாள் பெரியக்கா. பிறகு, பழக்கதோஷம், கேட்டுவிட்டாள். "சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. சாப்பிட்டீங்களா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாட்கள் நிம்மதியாகப் போயின. மருதாயி சொல்லி அனுப்பியபடி ஒரு ஓடு இரண்டு ஓடு ஆனது. இரண்டு நாலானது. பார்க்க வந்தவர்கள் இப்போது தீனி கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வரவும் இல்லை. ஆளுக்கு ஒரு கிளை ஒடித்துக்கொண்டு வந்து, முறை வைத்து ஈ ஓட்டினார்கள். தேனப்பன் கதை சொன்னான். கரிச்சி நடைக்குத் துணையாக வந்தாள். அதனால் பெரியக்கா மூங்கில் புதருக்குப் போய் நிதானமாக, வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

பௌர்ணமி வந்தது. மருதாயியும் வந்தாள். கட்டை அவிழ்த்தாள். தையல்சிட்டு பதினெட்டு நாரையும் ஒவ்வொன்றாக உருவியது. புண் ஆறி, ஒரு கோடு மட்டும் இருந்தது. மருதாயி காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

"பெரியக்கா, இவனுக்கு ஒரு பிடி புல் கொடுங்க!"

பெரியக்கா விளா ஓட்டை எடுத்தாள்.

"அது இல்லை! இன்னிக்கு உங்க பிடி!"

பெரியக்கா அப்படியே நின்றாள். ஓட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். குளக்கரைக்குப் போனாள். தும்பிக்கையைச் சுற்றி வளைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். காலில் தட்டி மண்ணை உதிர்த்தாள். செவலையின் முன்னால் கொண்டுவந்தாள். ஆனால் முழுவதையும் போடவில்லை. கொஞ்சம் வைத்துவிட்டு, மீதியைத் தும்பிக்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"போதுமா, இன்னும் வேணுமா? நீயே சொல்லு."

செவலை தின்றான். இன்னும் கேட்டான். கொடுத்தாள். தின்றான். பிறகு தலையைத் தூக்கிக் கனைத்தான்.

"போதும் அக்கா!"

பிறந்ததிலிருந்து யார் சொன்ன 'போதும்' என்ற வார்த்தையையும் காதில் போட்டுக்கொள்ளாத பெரியக்கா, அன்றைக்கு அதைக் கேட்டாள். "சரிடா" என்று மீதிப் புல்லைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். செவலை குளத்தைச் சுற்றி முதல் ஓட்டம் ஓடினான். முயல்கள் அன்றைக்கு வளைந்து போகாமல், அவள் காலடி வழியாக நேராகவே வீட்டுக்குப் போயின.

அன்போடு கொடுக்கிறவர் தன் கையைப் பார்த்து அளக்கக் கூடாது, வாங்குகிறவரின் வயிற்றைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.